மைக்கிலிருந்து ஸ்பீக்கர் வரை: கம்யூனிகேஷன் சிஸ்டம் பற்றி மாணவர்கள் கேட்கும் கேள்விகள்

டிப்ளமோ எலக்ட்ரானிக்ஸ் படிக்கும் பிள்ளைகளுக்குப் பல வருஷமாகப் பாடம் எடுக்கிறேன். கம்யூனிகேஷன் சிஸ்டத்தின் அடிப்படைப் பகுதிகள் என்ற முதல் பாடத்தை அரை மணி நேரத்தில் நடத்தி முடித்துவிடலாம். நாலைந்து கட்டம், இடையில் அம்புக்குறி, அவ்வளவுதான். ஆனால் அந்தக் கட்டங்கள் ஏன் அங்கே இருக்கின்றன என்ற சந்தேகம் கடைசி செமஸ்டர் வரைக்கும் தீராமல் வந்துகொண்டே இருக்கிறது. அப்படித் திரும்பத் திரும்ப வந்த கேள்விகளைக் கேட்ட மாதிரியே இங்கே தொகுத்திருக்கிறேன். உதாரணத்துக்குப் பெரும்பாலும் ரேடியோவைத்தான் எடுத்திருக்கிறேன். மூடியைக் கழற்றினால் பாதிப் பாடம் கண்ணெதிரே தெரியும் கருவி அது.

சார், எலக்ட்ரானிக் கம்யூனிகேஷன் சிஸ்டம்னா என்ன? சுருக்கமா சொல்லுங்க.

ஓர் இடத்தில் இருக்கும் தகவலை மின் வடிவத்துக்கு மாற்றி, இன்னோர் இடத்துக்குக் கொண்டுபோய், அங்கே பழைய வடிவத்துக்கே திருப்பிக் கொடுக்கும் ஏற்பாடு. ரேடியோ நிலையத்தில் அறிவிப்பாளர் பேசுகிறார். அவர்தான் தகவல் மூலம். மைக் அவர் குரலை மின் சிக்னலாக மாற்றுகிறது. டிரான்ஸ்மிட்டர் அந்தச் சிக்னலைப் பயணத்துக்குத் தயார்செய்து ஆன்டெனா வழியாக அனுப்புகிறது. நடுவில் இருக்கும் வெளிதான் சேனல். உங்கள் வீட்டு ரேடியோ ரிசீவர். அதன் ஸ்பீக்கர் மின்சாரத்தை மறுபடி ஒலியாக்குகிறது. வழியில் அழைக்காமல் வந்து ஒட்டிக்கொள்வது நாய்ஸ், அதாவது இரைச்சல்.

இந்தப் படத்தை இன்று நாம் வரையும் வடிவில் தெளிவாகப் போட்டுக் காட்டியவர் கிளாட் ஷானன். 1948-ல் வந்த அவருடைய கட்டுரையில் மூலம், டிரான்ஸ்மிட்டர், சேனல், ரிசீவர், சேருமிடம் என ஐந்து பகுதிகளும், நடுவில் இரைச்சலுக்கென்று ஒரு கட்டமும் இருக்கும். தந்திக்குப் பொருந்திய அந்தப் படம் செல்போனுக்கும் அப்படியே பொருந்துகிறது.

மைக்கும் மாத்துது, டிரான்ஸ்மிட்டரும் மாத்துது. அப்போ ரெண்டும் ஒண்ணுதானே?

இல்லை. மைக் ஒரு டிரான்ஸ்டியூசர். ஒரு வகை ஆற்றலை வேறு வகையாக மாற்றுவது அதன் வேலை. காற்றின் அதிர்வை மின் அழுத்தமாக்குகிறது. கேமராவின் சென்சார் ஒளிக்கு இதையே செய்கிறது. ஸ்பீக்கர் இதன் தலைகீழ்.

டிரான்ஸ்மிட்டருக்குள் போவதும் மின்சாரம், வெளியே வருவதும் மின்சாரம். அது மாற்றுவது சிக்னலின் வடிவத்தை. எந்தச் சேனல் வழியாகப் போகப் போகிறதோ அந்தச் சேனலுக்கு ஏற்ற வடிவத்துக்கு மாற்றி, போதுமான சக்தியும் கொடுக்கிறது. "சேனலுக்கு ஏற்ற" என்ற இரண்டு சொல்லைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். இனி வரும் பதில்களில் பெரும்பாலானவை அதன்மேல்தான் நிற்கின்றன.

குரல்தான் மின்சாரமா மாறிடுச்சே, அதையே நேரா ஆன்டெனாவுக்குக் கொடுத்தா என்ன? மாடுலேஷன் எதுக்கு?

ரொம்ப நல்ல கேள்வி. கொடுத்தால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டே பார்ப்போம். ஆன்டெனா சரியாக வேலை செய்ய, அதன் நீளம் அலைநீளத்தில் கால் பங்காவது இருப்பது நல்லது. நம் குரலில் 3 கிலோஹெர்ட்ஸ் பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒளியின் வேகம் நொடிக்கு 3 லட்சம் கி.மீ.; அதை 3,000-ஆல் வகுத்தால் அலைநீளம் 100 கி.மீ. அதில் கால் பங்கு 25 கி.மீ. அவ்வளவு உயரக் கோபுரத்தை யார் கட்டுவது?

அதே குரலை 100 மெகாஹெர்ட்ஸ் அலையின் மேல் ஏற்றினால் அலைநீளம் 3 மீட்டர்தான். கால் பங்கு 75 செ.மீ. போனில் எஃப்எம் கேட்க இயர்போனைச் செருகச் சொல்வது இதனால்தான்: அதன் ஒயர்தான் அங்கே ஆன்டெனா. சென்னை வானொலியின் 720 கிலோஹெர்ட்ஸுக்கு அலைநீளம் சுமார் 417 மீட்டர், கால் பங்கு 104 மீட்டர். மீடியம் வேவ் நிலையங்களுக்கு ஏன் வானளாவிய கோபுரம் என்பதும் இதிலேயே விளங்கிவிடும்.

இரண்டாவது காரணம், கூட்டம். எல்லா மனிதர்களின் பேச்சும் ஏறக்குறைய ஒரே அதிர்வெண்களில்தான் இருக்கிறது. பத்து நிலையங்கள் தங்கள் நிகழ்ச்சியை அப்படியே காற்றில் விட்டால் சந்தைக்கடை மாதிரி ஆகிவிடும், எந்த ரிசீவராலும் பிரிக்க முடியாது. ஒவ்வொருவருக்கும் நிகழ்ச்சியைச் சுமந்து செல்ல ஒரு தனி கேரியர் அலையைக் கொடுத்து, அவரவர் நிகழ்ச்சியை அதன்மேல் ஏற்றிவிட்டால் ரிசீவர் தனக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொள்ளும். இப்படி ஏற்றுவதுதான் மாடுலேஷன்.

ஏஎம், எஃப்எம்... வித்தியாசம் டெஃபனிஷன்ல புரியுது, நிஜத்துல புரியல.

குரல் ஏறி இறங்குவதற்கு ஏற்ப கேரியரின் உயரத்தை மாற்றினால் ஏஎம். உயரத்தை அப்படியே வைத்துவிட்டு அதிர்வெண்ணை முன்னும் பின்னும் நகர்த்தினால் எஃப்எம். எட்வின் ஆர்ம்ஸ்ட்ராங் அகன்ற எஃப்எம்முக்குக் காப்புரிமை பெற்றது 1933-ல்.

நிஜத்தில் பார்க்க ஒரு வழி. ஏஎம் ரேடியோவைச் சமையலறையில் வைத்து, பக்கத்தில் மிக்சியைப் போடுங்கள். 'கர்ர்' என்ற சத்தம் நிகழ்ச்சியை விழுங்கிவிடும். மிக்சி மோட்டாரின் கார்பன் பிரஷ் உரசும் இடத்தில் விடாமல் பொறி பறக்கிறது. ஒவ்வொரு பொறியும் ஒரு குட்டி டிரான்ஸ்மிட்டர். அது வந்து அலையின் உயரத்தைத்தான் பெரும்பாலும் கெடுக்கிறது. ஏஎம்மில் தகவல் இருப்பதே உயரத்தில், அதனால் அடி நேராகத் தகவலின் மேல் விழுகிறது. அதே இடத்தில் நல்ல சிக்னல் உள்ள எஃப்எம் நிலையத்தை வைத்துப் பாருங்கள், பெரிதாகப் பாதிக்காது. எஃப்எம் ரிசீவரில் லிமிட்டர் என்ற பகுதி உயர வேறுபாடுகளை வெட்டி எறிந்துவிடுகிறது. வெட்டினாலும் தகவலுக்கு நஷ்டமில்லை, அது அதிர்வெண்ணில் பத்திரமாக இருக்கிறது.

இதற்கு விலையும் உண்டு. நம் நாட்டில் ஏஎம் நிலையங்களுக்கு 9 கிலோஹெர்ட்ஸ் இடைவெளி போதும். ஒரு எஃப்எம் நிலையத்துக்குச் சுமார் 200 கிலோஹெர்ட்ஸ் வேண்டும்.

சேனல்னா டிவி சேனல்தானே?

இங்கே அந்தப் பொருள் இல்லை. சிக்னல் பயணிக்கும் ஊடகம்தான் சேனல்: செம்புக் கம்பி, கோஆக்ஸியல் கேபிள், கண்ணாடி இழை, வெட்டவெளி. டிவி ரிமோட் அனுப்பும் அகச்சிவப்பு ஒளிக்கு உங்கள் கூடத்துக் காற்றுதான் சேனல்.

நாய்ஸ் சேனல்ல மட்டும்தான் வருமா? படத்துல அம்பு அங்கதான் போட்டிருக்கு.

அந்த அம்பு வரைபட வசதிக்காகப் போட்டது. இரைச்சல் எல்லாக் கட்டத்திலும் சேரும். ஆனால் ரொம்பப் பாதிப்பது சேனலிலும் ரிசீவரின் நுழைவாயிலிலும்தான். அங்கேதான் சிக்னல் மிக மெலிந்து, மைக்ரோவோல்ட் கணக்கில் இருக்கும். டிரான்ஸ்மிட்டருக்குள் சேரும் சிறு இரைச்சல், பெரிய சிக்னலுக்கு முன்னால் தெரியவே தெரியாது.

வெளியிலிருந்து வருபவை ஒரு வகை: இடி மின்னல், மேலே சொன்ன மிக்சி, தரம் குறைந்த எல்இடி பல்பு, சூரியன். இவற்றிலிருந்து ஓரளவு தப்பிக்கலாம். இன்னொரு வகை கருவிக்குள்ளேயே பிறப்பது. எந்த ரெசிஸ்டரை எடுத்தாலும் அதற்குள் எலக்ட்ரான்கள் வெப்பத்தால் சும்மா இராமல் அலைகின்றன; அந்த அலைச்சலே ஒரு சிறு மின் அழுத்தமாக வெளியே தெரிகிறது. பெல் ஆய்வகத்தில் ஜான்சன் இதை அளந்தார், நைக்விஸ்ட் விளக்கினார், 1928-ல் இரண்டும் வெளியாயின. வெப்பம் இருக்கும்வரை இந்த இரைச்சலும் இருக்கும். குறைக்க வேண்டுமென்றால் கருவியைக் குளிர்விப்பது ஒரு வழி, கேட்கும் அதிர்வெண் அகலத்தைக் குறுக்குவது இன்னொரு வழி.

சிக்னல் கம்மியா வந்தா என்ன, ஆம்ப்ளிஃபையர் போட்டுப் பெருசாக்கிக்கலாமே?

ஆம்ப்ளிஃபையருக்கு எது சிக்னல், எது இரைச்சல் என்று தெரியாது. இரண்டையும் சேர்த்தே பெருக்கும், தன் பங்குக்குக் கொஞ்சம் இரைச்சலும் சேர்க்கும். நெரிசலான பஸ்ஸில் இருப்பவரோடு நீங்கள் போனில் பேசும்போது வால்யூமைக் கூட்டினால் அவரைச் சுற்றிய சத்தமும் கூடத்தானே செய்கிறது? சிக்னல் எவ்வளவு பெரிது என்பதைவிட, இரைச்சலைப்போல் எத்தனை மடங்கு என்பதே முக்கியம். அந்த விகிதத்தைத்தான் எஸ்என்ஆர் (சிக்னல்-டு-நாய்ஸ் ரேஷியோ) என்கிறோம்.

இதற்கு எனக்குப் பிடித்த உதாரணம் வாயேஜர் 1. 1977-ல் ஏவிய விண்கலம், இப்போது 2,400 கோடி கி.மீ.க்கும் அப்பால் இருக்கிறது. அதன் டிரான்ஸ்மிட்டர் சக்தி சுமார் 23 வாட், ஒரு குழல்விளக்கைவிடக் குறைவு. அங்கே போய் அதைக் கூட்ட யாராலும் முடியாது. எல்லா வேலையையும் பூமியில் இருக்கும் ரிசீவர்தான் செய்ய வேண்டும்: 70 மீட்டர் விட்டமுள்ள டிஷ், உறையவைக்கும் குளிரில் வைத்த முதல்நிலை ஆம்ப்ளிஃபையர். போன பதிலில் குளிர்விப்பது என்றேனே, அதுதான் இது. அப்புறம் வேகத்தையும் விட்டுக்கொடுக்கிறார்கள். நொடிக்கு 160 பிட்தான் வழக்கமாக வருகிறது. முதலில் வரும் ஆம்ப்ளிஃபையரின் தரமே எல்லாவற்றையும் தீர்மானிக்கும் என்பதை ரிசீவர் பாடத்தில் மறுபடி பார்ப்பீர்கள்.

ரிசீவர் டிரான்ஸ்மிட்டரோட தலைகீழ் வேலைதானே செய்யுது? அதுக்குள்ள ஏன் இவ்வளவு சாமான்?

தலைகீழ் வேலை என்பது பாதி உண்மை. டிரான்ஸ்மிட்டருக்கு என்ன அனுப்புகிறோம் என்று தெரியும். ரிசீவருக்குத் தெரியாது, ஆயிரம் சிக்னல் குவிந்து கிடக்கும் இடத்தில் ஒன்றைத் தேடி எடுத்து, பல ஆயிரம் மடங்கு பெருக்கி, கேரியரைக் கழற்றி எறிந்து குரலை மட்டும் கொடுக்க வேண்டும்.

பழைய ஏஎம் டிரான்சிஸ்டர் ரேடியோ கிடைத்தால் பின்மூடியைக் கழற்றிப் பாருங்கள். கரிய நிறத்தில் ஒரு விரல்நீளத் தண்டு, அதன்மேல் தலைமுடி மாதிரி மெல்லிய கம்பிச் சுற்று: அது ஃபெரைட் ஆன்டெனா. பக்கத்தில், டியூனர் குமிழைத் திருப்பினால் தானும் திரும்பும் கேங் கண்டென்சர். போர்டில் சதுரமான சின்னத் தகர டப்பாக்கள் நிற்கும், உச்சியில் ஸ்குரூ டிரைவர் நுழையும் அளவுக்கு வண்ணப் புள்ளி. சிவப்பு, ரேடியோவுக்குள்ளேயே ஓர் அலையை உண்டாக்கும் ஆசிலேட்டரின் காயில். மஞ்சள், வெள்ளை, கருப்பு மூன்றும் ஐஎஃப் (இடைநிலை அதிர்வெண்) டிரான்ஸ்ஃபார்மர். அந்த ஸ்குரூக்களைத் தெரியாமல் திருகிவிடாதீர்கள். ரிசீவரின் உயிரே அங்கேதான் இருக்கிறது.

நீங்கள் 720-ல் டியூன் செய்தால் ஆசிலேட்டர் 1,175 கிலோஹெர்ட்ஸில் ஓடும். இரண்டும் மிக்ஸரில் கலந்தால் வித்தியாசம் 455 கிலோஹெர்ட்ஸ், அதுதான் ஐஎஃப். வேறு நிலையத்துக்குத் திருப்பினாலும் ஆசிலேட்டர் கூடவே நகர்ந்து வித்தியாசத்தை 455-லேயே வைத்திருக்கும். ஆகவே பெருக்கும் வேலையையும் வடிகட்டும் வேலையையும் அந்த ஒரே அதிர்வெண்ணுக்கு மட்டும் கச்சிதமாக அமைத்தால் போதும். சூப்பர்ஹெட்டரோடைன் என்ற பெரிய பெயருக்குப் பின்னால் இருக்கும் யோசனை இவ்வளவுதான். எஃப்எம்முக்கு அந்த எண் 10.7 மெகாஹெர்ட்ஸ். சூப்பர்ஹெட்டரோடைன் முறையும் ஆர்ம்ஸ்ட்ராங் 1918-ல் கண்டதுதான்.

கொடைக்கானல் எஃப்எம் அத்தனை மாவட்டத்துல கேக்குது, எங்க ஊர் எஃப்எம் 50 கிலோமீட்டர் தாண்டல. அவங்க பவர் அதிகமா?

பவரை விட உயரம்தான் காரணம். எஃப்எம் அலை ஏறக்குறைய ஒளி மாதிரி நேர்கோட்டில் போகும். பூமியின் வளைவு மறைத்தால் அதற்கப்பால் மிக மெலிந்துவிடும். ஒரு எளிய கணக்கு உண்டு: ஆன்டெனா உயரத்தை மீட்டரில் எடுத்து, வர்க்கமூலம் கண்டு, 4.12-ஆல் பெருக்குங்கள். வருவது கி.மீ. கணக்கில் எட்டும் தூரம். 100 மீட்டர் கோபுரத்துக்கு 41 கி.மீ.; உங்கள் ஆன்டெனா மொட்டை மாடியில் இருந்தால் இன்னும் பத்துப் பன்னிரண்டு சேரும். உங்கள் 50 இதிலேயே வந்துவிட்டது. கொடைக்கானல் மலை சுமார் 2,100 மீட்டர், கணக்குப்படி ஏறக்குறைய 190 கி.மீ. அதனால்தான் கொடைக்கானலின் 100.5 மெகாஹெர்ட்ஸ் அத்தனை ஊரில் எடுக்கிறது. நடுவில் வேறு மலை மறைத்தால் பக்கத்து ஊருக்குக்கூட வராது.

அப்போ இலங்கை வானொலி கடலைத் தாண்டி எப்படி வந்துச்சு? எங்க தாத்தா தினம் கேப்பாராம்.

அது மீடியம் வேவ். நீண்ட அலை தரையை ஒட்டி வளைந்தே போகும், மேலும் உப்புக் கடல்நீர் நல்ல மின்கடத்தி என்பதால் நிலத்தைவிடக் கடல்மேல் சிக்னல் குறைவாகவே தேயும். நடுவில் கடல் இருந்தது இடைஞ்சல் இல்லை, உதவி. எழுபது எண்பதுகளில் தமிழ்நாட்டு வீடுகளில் அந்த நிலையம் உள்ளூர் நிலையம் மாதிரியே ஒலித்ததற்கு நிகழ்ச்சிகளின் தரத்தோடு இதுவும் ஒரு காரணம்.

ராத்திரியில் மீடியம் வேவில் இன்னும் தூரத்து நிலையங்கள் வரும். பகலில் 60 முதல் 90 கி.மீ. உயரத்தில் இருக்கும் அயனி அடுக்கு ஒன்று இந்த அலைகளை உறிஞ்சிவிடுகிறது. சூரியன் மறைந்ததும் அது கரைந்துபோக, மேலடுக்கு அலையைத் திருப்பி அனுப்புகிறது. கோபுரமும் ரேடியோவும் மாறவில்லை, சேனல்தான் மாறிவிட்டது.

இதைப் பழங்கதை என்று தள்ளிவிட வேண்டாம். 2004 சுனாமியில் அந்தமானில் வழக்கமான தொடர்பு அறுந்தபோது, அங்கே இருந்த ஹாம் ரேடியோ (உரிமம் பெற்ற பொழுதுபோக்கு வானொலி) குழுவினர் அயனி அடுக்கில் பட்டுத் திரும்பும் ஷார்ட்வேவ் வழியாகத்தான் செய்தி கொடுத்தார்கள்.

பேண்ட்வித்னா நெட் ஸ்பீடுதானே?

ஸ்பீடுக்கு இடம் கொடுப்பது பேண்ட்வித், அதுவே ஸ்பீடு ஆகாது. சேனல் எந்த அதிர்வெண்ணிலிருந்து எந்த அதிர்வெண் வரை விடுகிறதோ அந்த அகலம்தான் பேண்ட்வித், ஹெர்ட்ஸில் அளக்கிறோம். வேகத்தைப் பிட்டில் அளக்கிறோம். இரண்டையும் இணைத்தவரும் ஷானன்தான்: அகலத்தோடு எஸ்என்ஆரும் சேர்ந்தே உச்ச வேகத்தைத் தீர்மானிக்கிறது.

பழைய டெலிபோன் லைனில் குரலுக்கு 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரை, அதாவது 3,100 ஹெர்ட்ஸ் அகலம். சிக்னல் இரைச்சலைப்போல் ஆயிரம் மடங்கு இருந்தால், சூத்திரப்படி நொடிக்குச் சுமார் 31,000 பிட்தான் உச்சம். எவ்வளவு கெட்டிக்காரர் மோடம் செய்தாலும் அதே லைனில், அதே இரைச்சலில் இதைத் தாண்ட முடியாது.

டிஜிட்டல்ல நாய்ஸே கிடையாதுனு சொல்றாங்களே?

இரைச்சல் உண்டு, அதைச் சேரவிடாமல் துடைக்க வழி இருக்கிறது, அதுதான் வித்தியாசம். அனலாகில், அதாவது சிக்னல் தொடர்ச்சியாக ஏறி இறங்கும் முறையில், ஒவ்வொரு ஆம்ப்ளிஃபையரும் இரைச்சலையும் சேர்த்துப் பெருக்கும் என்று முன்பே பார்த்தோம். டிஜிட்டலில் வருவது 0 அல்லது 1. நடுவழி ரிப்பீட்டர் கறைபட்ட சிக்னலைப் பார்த்து "இது 1" என்று முடிவெடுத்து, புத்தம்புது 1-ஐ அனுப்புகிறது. முடிவு சரியாக இருக்கும்வரை பழைய கறை அங்கேயே நின்றுவிடும். டெலிபோனில் குரலை நொடிக்கு 8,000 தடவை அளந்து, ஒவ்வொரு அளவையும் 8 பிட்டில் எழுதுகிறார்கள்: 64,000 பிட். எத்தனை ஊர் தாண்டினாலும் குரல் தேயாது.

ஆனால் முடிவு தப்ப ஆரம்பித்தால் நிலைமை சட்டென்று மோசமாகும். பழைய டிவியில் சிக்னல் குறைந்தால் படத்தில் புள்ளி விழும், ஆனாலும் பார்க்கலாம். டிஜிட்டலில் படம் கட்டம் கட்டமாக உறைந்து, அப்புறம் ஒன்றுமே இல்லை.

செல்போன்ல எது டிரான்ஸ்மிட்டர், எது ரிசீவர்?

இரண்டும் உள்ளேயே இருக்கின்றன. ஒரே ஆன்டெனா வழியாகப் பேசவும் கேட்கவும், போகும் திசைக்கு ஓர் அதிர்வெண்ணும் வரும் திசைக்கு வேறோர் அதிர்வெண்ணும் வைப்பது ஒரு முறை. 900 மெகாஹெர்ட்ஸ் ஜிஎஸ்எம்மில் (2ஜி செல்போன் முறை) இரண்டுக்கும் 45 மெகாஹெர்ட்ஸ் இடைவெளி. வாக்கி டாக்கியில் ஒருவர் பேசினால் மற்றவர் கேட்கத்தான் வேண்டும், அதனால் "ஓவர்" சொல்கிறார்கள்.

பலருக்குத் தெரியாத விஷயம்: உங்கள் குரல் காற்றில் போவது டவர் வரைக்கும்தான். அதற்கப்புறம் பெரும்பாலும் கண்ணாடி இழை. சென்னையிலிருந்து போர்ட் பிளேருக்கு 2020 ஆகஸ்டில் திறந்த கேபிள் கடலடியில் கிடக்கிறது. அந்தமான் நிக்கோபாரின் மற்ற தீவுகளையும் சேர்த்து நீளம் சுமார் 2,300 கி.மீ. ஒரே அழைப்பில் சேனல் நாலைந்து தடவை மாறுகிறது. மாறும் ஒவ்வோர் இடத்திலும் ஒரு ரிசீவரும் ஒரு டிரான்ஸ்மிட்டரும் முதுகோடு முதுகு நிற்கின்றன.

மழை பெய்ஞ்சா டிடிஎச் போயிடுது, செல்போன் வேலை செய்யுதே. ரெண்டும் ரேடியோ அலைதானே?

அலைநீளத்தைப் பாருங்கள். டிடிஎச் 11, 12 கிகாஹெர்ட்ஸ் பக்கம் வருகிறது, அலைநீளம் சுமார் இரண்டரை செ.மீ. கனமழைத் துளிகள் அதைக் கணிசமாக உறிஞ்சும், சிதறடிக்கும். செல்போனின் 900 மெகாஹெர்ட்ஸுக்கு அலைநீளம் 33 செ.மீ.; சில மில்லிமீட்டர் துளி அதற்குப் பொருட்டே இல்லை. அதோடு டிடிஎச் சிக்னல் சுமார் 36,000 கி.மீ. தாண்டி ஏற்கெனவே மெலிந்து வருகிறது. இழக்கக் கையில் அதிகம் மிச்சமில்லை. மழை கொஞ்சம் எடுத்துக்கொண்டாலும், முன்பு சொன்ன அந்தச் 'சட்டென்று' எல்லையைத் தாண்டிவிடுகிறது.

இதையெல்லாம் செஞ்சு பார்க்க லேப் வேணுமா சார்?

பழைய ஏஎம் ரேடியோ ஒன்று போதும். பகலில் ஒரு நிலையத்தை வைத்துக்கொண்டு, மேஜைமேல் ரேடியோவை மெதுவாகச் சுற்றுங்கள். ஓரிடத்தில் சத்தம் ஒடுங்கும். ஃபெரைட் தண்டின் முனை அப்போது நிலையத்தை நோக்கி இருக்கிறது. இரண்டு வேறு ஊர்களில் இப்படிச் செய்து, வரைபடத்தில் கோடு போட்டால், கோடுகள் வெட்டும் இடத்துக்குப் பக்கத்தில் கோபுரம் இருக்கும்.

பிறகு மிக்சி சோதனை. ராத்திரி பத்து மணிக்கு மேல் டியூனரை முனையிலிருந்து முனை வரை நகர்த்தி, பகலில் இல்லாத நிலையங்களை நோட்டில் எழுதுங்கள். கோடைமழைக்கு முன்னால் வைத்தால், வானம் இருட்டும் முன்பே தூரத்து மின்னல் ஒவ்வொன்றுக்கும் ஸ்பீக்கரில் 'சடக்' என்று ஒரு சத்தம் கேட்கும்.